மாதம் 50 டாலரில் ஐ.ஆர்.ஏ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் வாசகர்கள் ஐ.ஆர்.ஏ (தனிநபர் பெயரில் தொடங்கும், வரிச் சலுகையுள்ள ஓய்வுக்காலக் கணக்கு) உள்ளிட்ட ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி அனுப்பியிருந்த கேள்விகளில், கையில் மிச்சம் குறைவாக உள்ளவர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வேறு ஆண்டு என்று குறிப்பிடாத இடங்களில் எல்லாம் 2026 வரி ஆண்டின் தொகைகளையே தந்திருக்கிறோம்.

கேள்வி: டெக்சாஸில் ஒரு கிடங்கில் மணிக்கூலிக்கு வேலை செய்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 31,000 டாலர். கம்பெனியில் 401கே என்ற ஓய்வுக்காலத் திட்டம் இல்லை. மாதம் 50 டாலருக்கு மேல் ஒதுக்க வழியில்லை. ஐ.ஆர்.ஏ-வில் ஆண்டுக்கு 7,500 போட வேண்டும் என்கிறார்கள். என் போன்றவர்களுக்கு அது சரிப்படுமா?

பதில்: சரிப்படும். 7,500 டாலர் என்பது ஓர் ஆண்டில் போடக்கூடிய அதிகபட்சத் தொகை. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 8,600. 2025ஆம் ஆண்டுக்கு இவை 7,000, 8,000 என்று இருந்தன. குறைந்தபட்சம் இவ்வளவு போட வேண்டும் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. நான்கு மாதம் போட்டுவிட்டு இரண்டு மாதம் நிறுத்தினாலும் அபராதம் கிடையாது. மணிக்கூலிக்காரருக்கு ஒரு மாதம் ஷிஃப்ட் கூடும், அடுத்த மாதம் குறையும். அதற்கு இந்தக் கணக்கு நன்றாகவே வளைந்து கொடுக்கும்.

குறைந்தபட்சத் தொகை கேட்பது சில நிறுவனங்களும் ஃபண்டுகளும்தான். ஃபிடெலிட்டியிலும் ஷ்வாபிலும் பூஜ்யத்தில் கணக்குத் தொடங்கலாம். அவற்றின் இண்டெக்ஸ் ஃபண்டுகளை (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுபவை) ஒரு டாலருக்கும் வாங்கலாம். வான்கார்டில் கணக்கு திறக்கப் பணம் தேவையில்லை. ஆனால் ஓய்வுபெறும் ஆண்டை ஒட்டி அமைக்கப்பட்ட அதன் டார்கெட் ரிடயர்மென்ட் ஃபண்டுக்கு முதலில் 1,000 டாலர் வேண்டும், பெரும்பாலான இண்டெக்ஸ் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு 3,000. அங்கே சிறு தொகையோடு தொடங்குகிறவர்கள் வான்கார்டின் இ.டி.எஃப்-ஐ (பங்குபோலச் சந்தையில் வாங்கும் ஃபண்ட்) ஒரு டாலரிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, பாரம்பரிய ஐ.ஆர்.ஏ-வா, ரோத் ஐ.ஆர்.ஏ-வா என்பது. நீங்கள் தனியாக வரி தாக்கல் செய்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். 31,000-இல், பொதுவாகக் கழித்துக்கொள்ளக்கூடிய நிலையான தொகையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 16,100 போக, வரிக்கு உட்படுவது 14,900. இதில் முதல் 12,400-க்கு 10 சதவீதம், மேலே உள்ள 2,500-க்கு 12 சதவீதம். பாரம்பரியக் கணக்கில் 600 டாலர் போட்டால் இந்த 12 சதவீத அடுக்கிலிருந்து கழியும். இந்த ஆண்டு 72 டாலர் வரி மிச்சம். ரோத்தில் போட்டால் அந்த 72 கிடைக்காது, ஆனால் பிற்காலத்தில் அசலுக்கும் வளர்ச்சிக்கும் வரி இல்லை. எங்கள் கருத்தில் உங்களுக்கு ரோத்தே ஏற்றது. உங்கள் வரி விகிதம் இப்போதே தாழ்வான அடுக்கில் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், ரோத்தில் போட்ட அசலை எந்த வயதிலும் வரியோ அபராதமோ இல்லாமல் திரும்ப எடுக்கலாம். கை நெருக்கடியில் இருப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

உங்கள் வருமானத்துக்கு சேவர்ஸ் கிரெடிட் என்ற வரிச்சலுகையும் உண்டு. தனிநபருக்கு ஏ.ஜி.ஐ, அதாவது டிடக்‌ஷனுக்கு முந்தைய சரிக்கட்டிய மொத்த வருமானம், 26,250-க்கு மேல் 40,250 டாலருக்குள் இருந்தால் போட்ட தொகையில் 10 சதவீதம் வரியிலிருந்து நேராகக் கழியும். 600-க்கு 60 டாலர். ரோத்துக்கும் இது பொருந்தும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரோத்துக்கு வரிக்கழிவு இல்லையே என்று வரி மென்பொருளில் அந்தத் தொகையைப் பதியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதியாவிட்டால் படிவம் 8880 உருவாகாது, கிரெடிட்டும் வராது.

ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும்போது எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்ற ஆண்டுக் கட்டண எண்ணைப் பாருங்கள். மாதம் 50 டாலர், 30 ஆண்டுகள், ஆண்டுக்கு 7 சதவீத வளர்ச்சி என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், போட்ட 18,000 சுமார் 61,000 ஆகும். அதே ஃபண்ட் ஆண்டுக்கு ஒரு சதவீதத்தைக் கட்டணமாக எடுத்துக்கொண்டால் கையில் வருவது சுமார் 50,200. அந்த ஒரு சதவீதம் உங்களிடமிருந்து கிட்டத்தட்ட 10,800 டாலரைத் தின்றுவிடுகிறது. 7 சதவீதம் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது, விலைவாசியும் ஏறும். கட்டணம் மட்டும் வருடா வருடம் தவறாமல் பிடிக்கப்படும். நீங்கள் ஓய்வுபெறும் ஆண்டுக்கு அருகிலுள்ள, இண்டெக்ஸ் அடிப்படையிலான டார்கெட் டேட் ஃபண்ட் ஒன்றே போதும். பெயரைக் கவனித்து வாங்குங்கள்: ஃபிடெலிட்டியில் ‘ஃப்ரீடம்’, ‘ஃப்ரீடம் இண்டெக்ஸ்’ என்று இரண்டு வரிசைகள் உண்டு. ‘இண்டெக்ஸ்’ என்ற சொல் இல்லாத வரிசையின் கட்டணம் பல மடங்கு அதிகம்.

கேள்வி: கணவருக்கு 2026இல் 49,500 டாலர் சம்பளம் வரும். நான் வேலைக்குப் போகவில்லை. கூட்டாக வரி தாக்கல் செய்கிறோம். ஆண்டுக்கு 1,500 சேமிக்கலாம் என்று பார்க்கிறோம். என் பெயரிலும் ஐ.ஆர்.ஏ தொடங்கலாமா? எதில் போடுவது நல்லது? (வாசகி, நார்த் கரோலினா)

பதில்: தொடங்கலாம். கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் உழைப்பு வருமானம் இருந்தாலும், அதை வைத்து மற்றவர் பெயரிலும் போட முடியும். கூட்டு ஐ.ஆர்.ஏ என்று ஒன்று கிடையாது. உங்கள் கணக்கு உங்கள் பெயரில் மட்டுமே இருக்கும், பணமும் உங்களுடையது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் ஐ.டி.ஐ.என் (வரித் தாக்கலுக்கான எண்) மட்டும் வைத்திருப்பவர்கள், அதை ஏற்கிறார்களா என்று நிறுவனத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் ஏற்பதில்லை.

எதில் போடுவது என்பதில் உங்கள் வருமானம் ஒரு முக்கியமான விளிம்பில் நிற்கிறது. முந்தைய பதிலில் ரோத் என்றோம். உங்களுக்குப் பாரம்பரியக் கணக்கு என்கிறோம். காரணம் இதுதான். தம்பதியருக்கு ஏ.ஜி.ஐ 48,500 வரை சேவர்ஸ் கிரெடிட் 50 சதவீதம். அதைத் தாண்டி 52,500 வரை 20 சதவீதம். பிறகு 80,500 வரை 10 சதவீதம். 48,500-க்கு மேல் ஒரு டாலர் போனாலும் 50 என்பது சட்டென்று 20 ஆகிவிடும், படிப்படியாகக் குறையாது.

வேறு வருமானம் இல்லை என்று வைத்து இரண்டையும் ஒப்பிடுவோம். எதுவும் போடாவிட்டால்: 49,500-இல் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 32,200 போக 17,300, 10 சதவீதத்தில் வரி 1,730. ரோத்தில் 1,500 போட்டால் ஏ.ஜி.ஐ மாறாது. கிரெடிட் 20 சதவீதம், அதாவது 300, வரி 1,430. பாரம்பரியக் கணக்கில் 1,500 போட்டால் ஏ.ஜி.ஐ 48,000-க்கு இறங்கும், வரி 1,580. கிரெடிட் 50 சதவீதமாகி 750. கட்ட வேண்டியது 830. போட்ட 1,500-க்கு 900 டாலர் வரி குறைகிறது. ரோத்தில் போட்டால் குறைவது 300தான்.

ரோத் மீதும் விருப்பம் இருந்தால், பாரம்பரியத்தில் 1,000 போட்டு ஏ.ஜி.ஐ-யைச் சரியாக 48,500-க்குக் கொண்டுவந்து, மீதி 500-ஐ ரோத்தில் போடலாம். கிரெடிட் அப்போதும் 750, வரி 880. ஆனால் வங்கி வட்டி 20 டாலர் வந்தால்கூட இந்தக் கணக்கு உடைந்துவிடும், கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது: 2026க்கான தொகையை 2027 ஏப்ரல் 15 வரை போடலாம். ஜனவரியில் சம்பளத்துக்கான டபிள்யூ-2 படிவமும் வங்கி வட்டிக்கான 1099 படிவமும் வந்த பிறகு உண்மையான எண்ணைப் பார்த்து, எத்தனை டாலர் பாரம்பரியத்தில் போட வேண்டும் என்று முடிவு செய்யலாம். அதுவரை பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருங்கள்.

கிரெடிட்டுக்குக் கணக்கில் எடுக்கப்படும் தொகை ஆளுக்கு 2,000 வரைதான். கட்ட வேண்டிய வரிக்கு மேல் இது ரீஃபண்டாக வராது. குழந்தைகள் இருந்தால் குழந்தைகளுக்கான கிரெடிட்டே வரியை அடித்துவிடுமே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. சேவர்ஸ் கிரெடிட் முதலில் கழிகிறது. குழந்தைகளுக்கான கிரெடிட்டில் மிஞ்சுவதன் பெரும்பகுதி தகுதியுள்ளவர்களுக்கு ரீஃபண்டாக வரக்கூடியது.

2027 வரி ஆண்டிலிருந்து முறை மாறுகிறது. சேவர்ஸ் மேட்ச் என்ற பெயரில், போடும் முதல் 2,000 டாலருக்கு 50 சதவீதம் வரை அரசே ஓய்வுக்காலக் கணக்கில் செலுத்தும். வரி கட்ட வேண்டிய நிலை இல்லாதவர்களுக்கும் அது உண்டு. தம்பதியருக்கு 41,000-இல் குறையத் தொடங்கி 71,000-இல் முடியும். அந்தப் பணம் ரோத் ஐ.ஆர்.ஏ-வுக்குள் போகாது என்பதால், பாரம்பரியக் கணக்கு ஒன்று திறந்து வைத்திருப்பது அப்போதும் உதவும்.

கேள்வி: கிரெடிட் கார்டில் 24 சதவீத வட்டியில் 3,800 டாலர் கடன் இருக்கிறது. அவசரத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை. கம்பெனி 401கே-யில் நான் போடும் 4 சதவீதத்துக்கு அவர்களும் 4 சதவீதம் போடுவார்களாம். இன்னும் சேரவில்லை. ரோத் ஐ.ஆர்.ஏ தொடங்கலாமா? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: இப்போது வேண்டாம். முதலில் 401கே-யில் 4 சதவீதம் மட்டும் போடுங்கள். ஒரு டாலருக்கு இன்னொரு டாலரை வேறு யாரும் தர மாட்டார்கள். வேலையை விட்டால் கம்பெனி பங்கில் எவ்வளவு உங்களுடையது என்று சொல்லும் வெஸ்டிங் விதியையும் மனிதவளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வண்டி பழுது, மருத்துவச் செலவு என்று ஒன்று வந்தால் மறுபடி கார்டைத் தேய்க்காமல் இருக்க 1,000 டாலர் அளவுக்குச் சேமிப்புக் கணக்கில் சேருங்கள். அதன் பின் மிஞ்சும் ஒவ்வொரு டாலரும் கார்டுக்கே போகட்டும். 24 சதவீத வட்டியை உறுதியாக வெல்லும் முதலீடு எதுவும் இல்லை.

கடன் முடிந்ததும், கார்டுக்குக் கட்டிவந்த அதே தொகையை மறுமாதமே ரோத்துக்குத் திருப்பிவிடுங்கள். இடையில் ஒரு மாதம் விட்டாலும் அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும்.

அவசரத்துக்கு ரோத் அசலை எடுக்கலாம் என்று முன்பு சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது. எடுத்த பணத்தை 60 நாளுக்குப் பிறகு திருப்பிப் போட்டால் அது புதிதாகப் போட்டதாகவே ஆண்டு வரம்பில் சேரும். சேவர்ஸ் கிரெடிட் கேட்கும் ஆண்டிலோ, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலோ, அந்த ஆண்டுக்கான வரித் தாக்கல் கெடு நாளுக்குள்ளோ ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து எடுத்திருந்தால், கிரெடிட்டுக்குக் கணக்கில் எடுக்கப்படும் தொகையும் அந்த அளவுக்குக் குறையும். அசலைத் தாண்டி வளர்ச்சியைத் தொட்டால், 59½ வயதுக்கு முன் பொதுவாக வரியும் 10 சதவீத அபராதமும் உண்டு. எவ்வளவு அசல் போட்டீர்கள் என்பதைக் காட்டும் படிவம் 5498-ஐ ஆண்டுதோறும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக மாதம் 75 டாலர் ரோத்துக்குத் தானாகவே போகிறது. போட்ட தொகைதான் இருக்கிறது, வளரவே இல்லை. என்ன தவறு? (வாசகி, ஓஹாயோ)

பதில்: பணம் கணக்குக்குள் போயிருக்கிறது, எதிலும் முதலீடு ஆகவில்லை. இந்தக் கேள்வியை இன்னும் பலர் வெவ்வேறு விதமாக அனுப்பியிருந்தார்கள். வருடக்கணக்கில் இப்படி விட்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஐ.ஆர்.ஏ என்பது ஒரு பாத்திரம். அதற்குள் என்ன போட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வளர்ச்சி. வங்கியிலிருந்து வரும் பணம் முதலில் ரொக்கமாக உட்காரும். அதை வைத்து ஃபண்டை வாங்கும் உத்தரவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கணக்கில் ‘பொசிஷன்ஸ்’ அல்லது ‘ஹோல்டிங்ஸ்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘கேஷ்’, ‘கோர்’, ‘செட்டில்மென்ட் ஃபண்ட்’ என்ற வரியில் முழுத் தொகையும் நின்றால் அதுதான் சிக்கல். ‘டிரேட்’ போய், ஃபண்டின் ஐந்தெழுத்துக் குறியீட்டைக் கொடுத்து, ‘பை’ தேர்ந்தெடுத்து, டாலர் கணக்கில் தொகையை இட்டு அனுப்புங்கள். மியூச்சுவல் ஃபண்ட் என்றால் அன்றைய சந்தை முடிந்த பின்னுள்ள விலையில் வாங்கப்படும். டிவிடெண்டை மறுமுதலீடு செய்யும் தெரிவையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

இனி இது நடக்காமலிருக்க, தானியங்கிப் பணமாற்றம் வேறு, தானியங்கி முதலீடு வேறு என்பதை நினைவில் வையுங்கள். இரண்டையும் தனித்தனியே அமைக்க வேண்டும். சம்பளம் வெள்ளிக்கிழமை வந்தால் பணமாற்றத்தை அடுத்த திங்களுக்கும், வாங்குவதை அதற்கு ஒரு வாரம் கழித்தும் வையுங்கள். வங்கிப் பணம் வந்து சேருமுன் வாங்கும் நாள் வந்தால் உத்தரவு ரத்தாகும். சில இடங்களில் அடுத்தடுத்து ரத்தானால் திட்டமே நின்றுபோகும்.

கேள்வி: வரி ரீஃபண்டை நேராக ஐ.ஆர்.ஏ-வுக்கு அனுப்ப முடியுமா? எந்த ஆண்டுக் கணக்கில் சேரும்?

பதில்: முடியும். வரிப் படிவத்தில் வங்கி எண்ணுக்குப் பதிலாக ஐ.ஆர்.ஏ கணக்கின் ரூட்டிங் எண்ணையும் கணக்கு எண்ணையும் கொடுக்கலாம். ஒரு பகுதியை மட்டும் அனுப்ப வேண்டுமானால் படிவம் 8888. கடந்த ஆண்டுக் கணக்கில் சேர வேண்டும் என்றால் நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், பணமும் ஏப்ரல் 15க்குள் வந்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால் பணம் வந்து சேரும் ஆண்டின் கணக்கில் பதிந்துவிடுவார்கள். ரீஃபண்ட் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அதனால் ரீஃபண்டை வங்கிக்கே வரவழைத்து, அங்கிருந்து நீங்களே அனுப்பி, ‘கான்ட்ரிப்யூஷன் இயர்’ கட்டத்தில் ஆண்டைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. வரித் தாக்கலுக்கு அக்டோபர் வரை நீட்டிப்பு வாங்கினாலும் ஐ.ஆர்.ஏ-வில் போடும் கெடு நீளாது.

கேள்வி: எஃப்-1 விசாவில் பிஎச்.டி படிக்கிறேன். ஃபெலோஷிப் வருகிறது, டபிள்யூ-2 இல்லை. அப்பா ஊரிலிருந்து கொஞ்சம் அனுப்புவார். மாதம் 30 டாலர் போடலாமா? (வாசகர், இல்லினாய்)

பதில்: போடலாம். பட்ட மேற்படிப்புக்கான ஃபெலோஷிப்பில் வரிக்கு உட்படும் பகுதி 2020இலிருந்து ஐ.ஆர்.ஏ-வுக்கான உழைப்பு வருமானமாக ஏற்கப்படுகிறது. கல்விக் கட்டணத்துக்கே நேராகப் போகும் பகுதி சேராது. அப்பா அனுப்பும் பணம், ஊரில் வரும் வாடகை, வைப்புநிதி வட்டி எதுவும் சேராது. முழுநேர மாணவர் என்பதால் சேவர்ஸ் கிரெடிட் கிடைக்காது.

உழைப்பு வருமானத்தைவிட அதிகமாகப் போட்டுவிட்டால், எடுக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் மிகைத் தொகைக்கு 6 சதவீதம் வரி. வரிக் கணக்கை நேரத்தில் தாக்கல் செய்திருந்தால், அக்டோபர் 15க்குள் அந்தத் தொகையை அதன் வளர்ச்சியோடு சேர்த்து எடுத்தால் அந்த 6 சதவீதம் விழாது. சாதாரணமாகப் பணம் எடுப்பது போல எடுக்காதீர்கள். மிகைத் தொகையைத் திரும்பப் பெறுவதற்கென்று நிறுவனத்தில் தனிப் படிவம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க்காரர் ஒருவர், ரோத்தைவிட நல்லது என்று மாதம் 200 டாலருக்கு ஐ.யூ.எல் (சந்தைக் குறியீட்டோடு இணைத்துப் பணம் சேர்க்கும் ஆயுள் காப்பீடு) பாலிசி எடுக்கச் சொல்கிறார். கேட்கலாமா?

பதில்: உங்கள் நிலையில் வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்கிறோம். ரோத்தில் ஒரு மாதம் போடாவிட்டால் எதுவும் நடக்காது. இந்தப் பாலிசியில் தவணை தொடர்ந்து நின்றால், சேர்ந்த தொகையிலிருந்து காப்பீட்டுச் செலவைக் கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் பாலிசி காலாவதியாகும். தொடக்க ஆண்டுகளில் கமிஷனும் கட்டணங்களும் அதிகம். நடுவில் விட்டால் சரண்டர் கட்டணம். பல பாலிசிகளில் அது பத்து ஆண்டுக்கு மேலும் நீளும். குடும்பத்துக்குக் காப்பீடு தேவை என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் காப்பு தரும் டேர்ம் பாலிசி எடுங்கள், ஓய்வுக்காலச் சேமிப்பைத் தனியே வையுங்கள். தெரிந்தவர், ஒரே ஊர் என்ற தயக்கம் வரும். பாலிசியின் இல்லஸ்ட்ரேஷன் தாளில் ‘கேரண்டீட்’ என்ற பத்தியை மட்டும் காட்டச் சொல்லி, பத்தாம் ஆண்டில் கையில் வரும் சரண்டர் தொகையை நீங்கள் கட்டியிருக்கும் 24,000 டாலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.